நீ எந்தப் பக்கம்?

“மாமா, இந்த ‘கிவ்’வை ஒண்ணு பறஞ்ஞு தருமோ?”

கேட்டவள் பாறசாலைக்காரி. அப்பா வீட்டில் தமிழ், அம்மா வீட்டில் மலையாளம். நர்சிங் முடித்துவிட்டு, ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தாள். 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் திறன் தொழிலாளர் உடன்பாடு செய்துகொண்டதிலிருந்து, வளைகுடாவையே பார்த்துப் பழகிய கண்கள் சில கிழக்கேயும் திரும்பியிருக்கின்றன.

அவள் கையில் இருந்தது ‘மின்னா நோ நிஹோங்கோ’. உலகெங்கும் ஜப்பானியம் படிக்கத் தொடங்குகிறவர்கள் கையில் முதலில் விழும் பாடநூல். அதன் 7ஆம் பாடத்தில் ‘அகெரு’ என்றொரு வினை வருகிறது. ஆங்கிலப் பொருள் ‘கிவ்’. 24ஆம் பாடத்தில் ‘குரெரு’. அதற்கும் ‘கிவ்’தான், ‘எனக்கு’ என்று ஒரு வால் மட்டும் கூடுதல். 41ஆம் பாடத்தில் ‘யரு’, ‘குதசரு’ என்று இன்னும் இரண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதை ஏன் மூன்று பாடத்தில் பிரித்துப் போட்டிருக்கிறான் என்பது அவளுடைய சந்தேகம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ‘பறஞ்ஞு தருமோ’ என்று கேட்டாளே தவிர ‘பறஞ்ஞு கொடுக்குமோ’ என்று கேட்கவில்லை. அவளுடைய சந்தேகத்துக்குப் பாதி விடை அந்தத் ‘தருமோ’வில் கிடந்தது. மீதிப் பாதியில்தான் சறுக்கல்.

பாறசாலையைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வந்தால் நெய்யாற்றின்கரை, அதைத் தாண்டிப் பாறசாலை, பிறகு இஞ்சிவிளை. அங்கே கேரளம் முடிந்து களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு ரோட்டில் விழுந்ததே தவிர யார் வாயிலும் விழவில்லை. எலுமிச்சம்பழச் சாறு இரண்டு பக்கத்திலும் ‘போஞ்சி’தான். தமிழ் பேசும் வீட்டிலும் தாகத்துக்கு ‘வெள்ளம்’ கேட்பார்கள்.

இந்த ஊர்களில் ஒரு பெட்டிக்கடை முன்னால் கால்மணி நேரம் நின்றால் போதும், நான் சொல்லவந்த இலக்கணம் முழுவதும் காதில் விழுந்துவிடும். வாங்க வந்தவர் ‘எனிக்கு ஒரு சோப்பு தா’ என்பார். கடைக்காரர் ‘சில்லறை நாளெ தராம்’ என்பார். கடைக்காரரே தன் பையனிடம் திரும்பி, ‘ஆ சேட்டனு பாக்கி கொடு’ என்பார். வாங்குகிறவர் நானோ நீயோ என்றால் ‘தரு’. அவனோ அவளோ என்றால் ‘கொடு’. யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி வினைச்சொல் கவலைப்படுவதே இல்லை. அவன் எனக்குத் தந்தாலும் ‘தந்நு’, நான் உனக்குத் தந்தாலும் ‘தராம்’, அவள் உனக்குத் தந்தாலும் ‘தந்நு’. போய்ச் சேருமிடத்தை மட்டும் பார்த்துச் சொல் மாறுகிறது.

சேருமிடம் என்பதும் பெயரைப் பொறுத்ததல்ல, ஆளைப் பொறுத்தது. அம்மா குழந்தையிடம் கன்னத்தைக் காட்டி ‘அம்மய்க்கு ஒரு உம்ம தா’ என்கிறாள். அடுத்த நிமிடம் அப்பாவைக் காட்டி ‘அச்சனு ஒரு உம்ம கொடு’ என்கிறாள். ‘அம்மா’, ‘அச்சன்’ இரண்டுமே இலக்கணப்படி படர்க்கைப் பெயர்கள்தாம். ஆனால் முதல் வாக்கியத்தில் அம்மா என்பது ‘நான்’ என்று வினைச்சொல்லுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கும் அது தெரிந்திருக்கிறது.

இது மலையாளத்தின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் இதைத்தான் விதிக்கிறது. செல், வா, தா, கொடு என்ற நான்கு வினைகளை ஒன்றாக எடுத்துவைத்துக்கொண்டு, தருவதும் வருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று வகுக்கிறது. பவணந்தி நன்னூலில் இதை மறுபடி சொல்கிறார். எச்சவியலில் தொல்காப்பியர் இன்னொரு நுட்பமும் வைத்திருக்கிறார். இரந்து கேட்கும்போது தாழ்ந்தவன் ‘ஈ’ என்பான், ஒத்தவன் ‘தா’ என்பான், உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். உயர்ந்தவன் தனக்காகக் கேட்கும்போது படர்க்கைக்குரிய ‘கொடு’ எப்படி வந்தது என்ற கேள்வி எழுமல்லவா? அதற்கும் விடை தருகிறார்: அவன் தன்னையே வேறொருவன்போல் வைத்துப் பேசுகிறான். கேட்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாத ஒரு துரைத்தனத்தை இலக்கணம் இவ்வளவு கச்சிதமாகப் பிடித்த இடம் வேறொன்று எனக்குத் தெரியாது.

வா, தா இரண்டையும் தொல்காப்பியர் சேர்த்து வைத்ததற்கு வலுவான காரணம் உண்டு. வந்தான்–வருவான், தந்தான்–தருவான்: தமிழில் இப்படிப் புடைபெயரும் வினைகள் இந்த இரண்டுதான். எம். பி. எமனோ 1945இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரை முழுக்க இந்த இரண்டு வினைகளையே துருவுகிறது. நீலகிரியின் கோத்தர், தோடர் மொழிகளிலும் ஒடிசா மலைகளின் குயி மொழியிலும் இதே பழைய வேறுபாட்டின் தடங்களை அவர் எடுத்துக் காட்டினார். பழைய திராவிடச் சொத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

சொத்தை யார் தொலைத்தது? நாம்தான். இன்று சென்னையிலோ திருச்சியிலோ ‘எனக்குக் குடு’, ‘உனக்குக் குடுக்கிறேன்’, ‘அவனுக்குக் குடு’ எல்லாம் ஒன்றுதான். ‘நாளைக்குத் தர்றேன்’ என்பது பேச்சில் உயிரோடிருக்கிறது. ஆனால் ‘அவனுக்குத் தர்றேன்’ என்று சொன்னாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓரங்களில் மட்டும் கோடு அழியாமல் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் தனக்குக் கேட்டால் ‘தாங்கோ’, பிறருக்கென்றால் ‘குடுங்கோ’. களியக்காவிளைப் பக்கத்துப் பாட்டிமார் ‘மாமா தந்தாவ’ என்றால் எனக்குத் தந்தார் என்று பொருள். ‘குடுத்தாவ’ என்றால் வேறு யாருக்கோ. நடுநாடு மறந்ததை விளிம்பு வைத்துக்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் நடுநாட்டுத் தமிழிலும் சில தொடர்கள் பழைய விதியின் எலும்பைச் சுமந்துகொண்டிருக்கின்றன. காட்டிக்கொடுப்பவன் நம்மை எப்போதும் மூன்றாமவனிடம்தான் காட்டிக்கொடுக்கிறான். அங்கே ‘தா’ வர வழியே இல்லை. வழியைக் ‘காட்டித் தந்தான்’ என்றால் அவன் நல்லவன். காட்டித் தந்தவனுக்கும் காட்டிக்கொடுத்தவனுக்கும் நடுவே இருப்பது இந்த ஒரு வினைச்சொல்தான்.

இனி ஜப்பானியம். பாறசாலைப் பெண் நோட்டுப்புத்தகத்தில் என்ன செய்திருந்தாள் தெரியுமா? ‘குரெரு’வுக்கு நேராகத் ‘தரு’ என்றும் ‘அகெரு’வுக்கு நேராகக் ‘கொடு’ என்றும் மலையாளத்தில் எழுதி வைத்திருந்தாள். ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிற ஒருவருக்கு இந்த வெளிச்சம் கிடைக்காது. அவள் எழுதியது பெரும்பாலும் சரி. நீ எனக்குத் தந்தாய்: குரெரு. அவன் எனக்குத் தந்தான்: குரெரு. நான் அவனுக்குக் கொடுத்தேன்: அகெரு. நீ அவனுக்குக் கொடுத்தாய்: அகெரு. கட்டம் கட்டமாகப் பொருந்திக்கொண்டே போகிறது. குழந்தையிடம் அம்மா தன்னை ‘அம்மா’ என்றே சொல்லிக்கொண்டு ‘சோதாய்’ என்று கேட்கும் வழக்கமும் அப்படியே உண்டு. ‘தா’ என்பதற்கான செல்லச் சொல் அது.

ஒரு கட்டத்தில் மட்டும் எல்லாம் சரிகிறது. நான் உனக்குத் தருகிறேன். மலையாளத்தில் ‘நினக்கு தராம்’. அவள் கணக்குப்படி இது குரெரு. ஜப்பானியரோ இதைக் குரெரு என்று சொல்லவே மாட்டார், அகெரு என்பார். அதாவது நான் கொடுப்பவனாக இருக்கும்போது, வாங்கும் நீ எனக்கு அவன்போல ஆகிவிடுகிறாய்.

சரி, ஜப்பானியத்தில் ‘நீ’ எப்போதுமே அந்தப் பக்கம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாமா? அதுவும் முடியாது. உன் கையில் ஒரு பொம்மையைப் பார்த்து ‘யார் தந்தது?’ என்று கேட்க வேண்டும். ‘தரே கா குரெத்தா நோ?’ குரெரு! கொடுத்தவன் மூன்றாமவன், அவனுக்கு எதிரில் நானும் நீயும் ஒரு பக்கம் சேர்ந்துகொள்கிறோம். ‘ஆரு தந்நது?’ என்ற பாறசாலைக் கேள்வியும் அதுவும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன. ஆக, மலையாளத்தில் ‘நீ’ என்றைக்கும் என் வீட்டு ஆள். ஜப்பானியத்தில் ‘நீ’ எல்லையில் நிற்கும் ஆள்; எதிரே நிற்பது யார் என்பதைப் பார்த்துப் பக்கம் மாறுவாய்.

இன்னொரு வேறுபாடு மூன்றாமவரிடத்தில். ஆசிரியர் என் தங்கைக்குப் புத்தகம் கொடுத்தார். நம் எல்லையோர வாய்க்குத் தங்கை படர்க்கை, அவ்வளவுதான்: ‘அனியத்திக்கு கொடுத்து’. ஜப்பானியருக்குத் தங்கை ‘உச்சி’, அதாவது வீட்டுக்குள். ஆசிரியர் ‘சொத்தோ’, வெளி. வெளியிலிருந்து உள்ளே வந்தது என்றால் குரெருதான். ஆசிரியர் என்பதால் அதன் மரியாதை வடிவமான குதசரு. அதே கணக்கில், என் அலுவலகத் தோழருக்கு வேறு நிறுவனத்துக்காரர் எதையாவது தந்தாலும் குரெருவின் குடும்பம்தான் வரும். சுசுமு குனோ என்ற மொழியியலாளர் 1970களில் இதைப் பேசுபவரின் பரிவு யார் பக்கம் சாய்கிறது என்று விளக்கினார். மலையாளம் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இலக்கணம் பார்த்துப் பிரிக்கிறது. ஜப்பானியம் உறவு பார்த்துப் பிரிக்கிறது. உறவைச் சதா எண்ணிக்கொண்டிருக்கும் நம் ஊரில் இலக்கணம் உறவைப் பார்க்கவில்லை என்பது எனக்கு வியப்புதான்.

உயரம் தாழ்வு இருக்கிறதே, அதில் ஜப்பானியம் தொல்காப்பியத்தோடு சேர்ந்துகொண்டு பாறசாலையைத் தனியே விட்டுவிடுகிறது. அகெரு என்றால் அடிப்படையில் ‘உயர்த்து’. குதசரு என்பது மேலிருந்து கீழே இறக்கித் தருவது. நாம் திரைப்படங்களில் கேட்கும் ‘குதசை’ அதிலிருந்து வந்தது. செடிக்குத் தண்ணீரும் நாய்க்குச் சோறும் கொடுக்க ‘யரு’ என்று ஒரு தாழ்ந்த சொல். இப்போது இளையவர்கள் நாய்க்கும் ‘அகெரு’ சொல்கிறார்கள் என்று ஜப்பானியப் பெரியவர்களுக்கு ஒரு குறை உண்டு. நமக்கு அந்த வம்பே இல்லை. நாம் செடிக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை, ஊற்றுகிறோம்.

மரியாதை விஷயத்தில் அவளுக்கு நான் கொடுத்த எச்சரிக்கை வேறு. வயதான ஒருவரைப் பராமரிக்கப் போகிறவள், ‘நான் செய்து தருகிறேன்’ என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்ல வேண்டிவரும். பாறசாலையில் ‘ஞான் செய்து தராம்’ என்றால் அது அன்பு. ஜப்பானியத்தில் வினையோடு அகெருவை ஒட்டி மூத்தவர் முகத்துக்கு நேரே சொன்னால், உனக்காகச் செய்கிறேனாக்கும் என்று கடன் எழுதிக் காட்டுவதுபோல் ஆகிவிடும். அங்கே அந்தத் துணைவினையை விட்டுவிட்டுச் ‘செய்யட்டுமா’ என்று கேட்பதுதான் பண்பு. ஒன்றில் துணைவினையைச் சேர்ப்பது கனிவு, மற்றதில் அதை விடுவது கனிவு. அகராதி இதைச் சொல்லாது.

வா–தா இணையை மறக்கக்கூடாது. உள்ளறையிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். நாம் ‘தோ வர்றேன்’ என்கிறோம், மலையாளி ‘தா வருந்நு’ என்கிறார், ஜப்பானியர் ‘இகிமாஸ்’ என்கிறார். இகு என்றால் போ. கூப்பிட்டவரிடம் ‘போகிறேன்’ என்று சொல்வது நம் காதுக்கு எவ்வளவு அபசகுனம்! ஆனால் காரணம் அதேதான். நான் உன்னை நோக்கி நகர்வதும் நான் உனக்குத் தருவதும் ஒரே திசை. தமிழும் மலையாளமும் அந்தத் திசையை உள்நோக்கியதாகப் பார்க்கின்றன. ஜப்பானியம் வெளிநோக்கியதாகப் பார்க்கிறது. தொல்காப்பியர் தருவதையும் வருவதையும் ஒரே நூற்பாவில் கட்டியது எவ்வளவு சரி என்பதற்கு அவர் அறிந்திராத ஒரு தீவுமொழி சாட்சி சொல்கிறது. ஒரு சின்ன ஆறுதலும் உண்டு: வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் சொல்லும் ‘இத்தே கிமாஸ்’ நம் ‘போய்ட்டு வர்றேன்’தான், சொல்லுக்குச் சொல்.

பெண் கொடுக்கும் விஷயத்தில் இரு ஊர்களும் இன்னும் நெருங்குகின்றன. சோதனைச் சாவடியைத் தாண்டிப் பெண் எடுப்பதும் கொடுப்பதும் எங்கள் பக்கத்தில் வழக்கமான காரியம். பையன் வீட்டார் வந்து ‘பெண்ணைத் தாருங்கள்’ என்று கேட்பார்கள். பெண்ணைப் பெற்றவர் ஊராரிடம் ‘நெய்யாற்றின்கரையில் கொடுத்திருக்கிறோம்’ என்பார். பெண் ஒன்று, வினை இரண்டு. ஜப்பானில் மாப்பிள்ளை பெண்ணின் தகப்பன்முன் மண்டியிட்டு ‘குதசை’ என்று கேட்பது திரைப்படங்களில் தேய்ந்த காட்சி. அது நம் ‘தாருங்கள்’. மகளைக் கட்டிக்கொடுப்பதற்குப் பழைய ஜப்பானியத் தொடரில் வருவது ‘யரு’. செடிக்கும் நாய்க்கும் வருகிற அதே யரு. தன் வீட்டுப் பொருளைத் தாழ்த்திச் சொல்லும் அடக்கம் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் முழுதாக ஒப்பவில்லை.

இவ்வளவு ஒற்றுமையைக் கண்டதும் நம்மவர்களுக்கு ஓனோ நினைவுக்கு வருவார். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ 1980ஐ ஒட்டித் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு சொல்லத் தொடங்கி, பொற்கோ, யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடு சேர்ந்து உழைத்தார். மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. தரு–குரெரு ஒப்புமையை அந்த வழக்கில் சாட்சியாக நிறுத்துவது வீண். நியூசிலாந்தின் மாவோரி மொழியிலும் ‘எனக்குக் கொடு’ என்பதற்கு ஹோமாய், அப்பால் கொடுப்பதற்கு ஹோஅத்து என்று இரண்டு சொற்கள் உண்டு. பெர்னார்ட் காம்ரி 2003இல் வாங்குபவரைப் பார்த்து மாறும் ‘கொடு’ வினைகளைப் பல மொழிகளிலிருந்து திரட்டி எழுதினார். மலையாளம் அதில் முக்கியமான எடுத்துக்காட்டு. மனிதர்கள் எங்கேயும் கையை நீட்டும் திசையைக் கவனித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உறவைவிட எனக்குச் சுவையாகப் படுவது இரண்டு மொழிகளின் வரலாறும் எதிரெதிராக நடந்திருப்பது. ஜப்பானியத்தில் குரெரு முன்பு இரு திசைக்கும் பொதுவாக இருந்தது. வடகிழக்குத் தொஹோக்குவிலும் தெற்கே கியூஷுவிலும் சில வட்டாரங்களில் இன்றும் நான் அவனுக்குக் கொடுப்பதும் குரெருதான். திசைபிரித்த வழக்கு மையப் பகுதியில் பின்னால் உண்டானது. மையத்தில் புதியது பிறக்கும், விளிம்பில் பழையது தங்கும் என்று நாட்டாரியலாளர் யனகித்தா குனியோ 1930இல் வெளியிட்ட நூலில் நத்தைக்கு வழங்கும் வட்டாரப் பெயர்களை வைத்துக் காட்டினார். அந்தப்படி பார்த்தால் தொஹோக்குக் கிழவியும் களியக்காவிளைப் பாட்டியும் ஒரே வேலையைச் செய்கிறார்கள், பழையதைக் காக்கிறார்கள். ஆனால் அங்கே பழையது ஒன்றாக இருந்த நிலை. இங்கே பழையது இரண்டாக இருந்த நிலை.

இந்த இரண்டு வினைகளால் என்ன பயன்? மலையாள வினைக்குத் தமிழைப் போல ஆன், ஆள், ஏன் என்ற விகுதிகள் இல்லை. ‘தந்நு’ என்றால் அவன் தந்தானா, அவர்கள் தந்தார்களா என்று தெரியாது. ஆனால் வாங்கியது நானோ நீயோதான் என்று உறுதியாகத் தெரியும். ஜப்பானியத்திலும் விகுதி இல்லை; நான், நீ என்ற சொற்களையும் கூடியவரை சொல்லாமல் விடுவார்கள். ‘குரெத்தா’ என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து என் பக்கம் வந்தது என்று கேட்பவருக்குப் புரிகிறது. விகுதி இருப்பதால்தான் தமிழ் இந்த வேறுபாட்டைத் தொலைத்தது என்று ஒரு கணம் எனக்கும் எழுதத் தோன்றியது. யாழ்ப்பாணத் தமிழுக்கும் விகுதி இருக்கிறது, வேறுபாடும் இருக்கிறது. ஆகையால் அந்த வாதத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

மொழிபெயர்ப்புக்கு இது நேரடியாக வந்து சேர்கிறது. தகழியின் ‘செம்மீ’னைச் சுந்தர ராமசாமி தமிழுக்குக் கொண்டுவந்தார், ஆ. மாதவனும் குளச்சல் யூசுப்பும் மலையாளத்திலிருந்து நிறையத் தந்திருக்கிறார்கள். நாகர்கோவில், குளச்சல், திருவனந்தபுரம் சாலைக்கடைத் தெரு என்று எல்லையை அடுத்து வாழ்ந்தவர்கள் அந்த வேலையைச் செய்தது தற்செயல் அல்ல. இன்று மலையாளத்திலிருந்து வரும் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் நான் காண்பது வேறு. மூலத்தில் ‘தந்நு’ என்று இருக்கும், தமிழில் ‘கொடுத்தான்’ என்று விழுந்திருக்கும். யாருக்கு என்பது அந்த இடத்தில் கரைந்துபோகும். பிறகு ‘எனக்கு’ என்று ஒரு சொல்லைத் தேவையில்லாமல் நுழைப்பார்கள்.

ஜப்பானியத்தைத் தமிழாக்குகிறவர்களுக்கு நிலைமை இன்னும் வசதி. ஆங்கிலத்தின் வழியாகப் போனால் குரெருவும் அகெருவும் ஒரே ‘கிவ்’வாக மசிந்துவிடும். நேரே வந்தால் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் காத்திருக்கிறது, ஓரிரு கட்டங்களில் இடறும் என்ற நினைவோடு.

பாறசாலைப் பெண் தன் நோட்டில் அகெருவுக்கு நேரே இருந்த ‘கொடு’வை அடிக்கவில்லை. பக்கத்தில் ‘நினக்கு தராம் கூடி’ என்று சேர்த்துக்கொண்டாள். குறிப்பு சரிதான்.

மொழிபெயர்க்கிறவர்களிடம் எனக்கு ஒரே விண்ணப்பம்: அடுத்த தடவை ‘தந்நு’ கண்ணில் பட்டால், அதைத் ‘தந்தான்’ என்றோ ‘தந்தாள்’ என்றோ ‘தந்தார்’ என்றோ விட்டுவிடுங்கள். ‘கொடு’வைப் படர்க்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.